புதன்கிழமை வராத இருவர்

வேலூர்ப் பக்கத்துக் கிராமம் எதிலாவது, துணை சுகாதார நிலையத்துத் திண்ணையில் ஒரு புதன்கிழமை காலை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, ‘மக்களிடம் தடுப்பூசி பற்றிய விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதக் கை கூசும். தமிழ்நாட்டில் புதன் என்றால் ஊசி நாள். சந்தை நாளைப் போல அதுவும் ஊருக்கே தெரிந்த நாள். அக்கா மகளுக்குத் துணையாகக் குடியாத்தம் வட்டாரத்தில் அப்படி ஒரு நிலையத்துக்குப் போயிருந்தேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள்; குழந்தைக்கு ஒன்றரை மாதம்.

எங்களுக்கு முன்னால் பேரனை மடியில் கிடத்திக்கொண்டு ஓர் ஆயா இருந்தார். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை என்று அவரே சொன்னார். ஆனால் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசி, ஒன்பதாம் மாத ஊசி, ஒன்றரை வயது ஊசி என்று வரிசை பிசகாமல் ஒப்பித்தார். எதற்குக் காய்ச்சல் வரும், எது தோளில் புண்ணாகித் தழும்பு விடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருடைய மேல்கையிலேயே காசளவில் இரண்டு பழைய தழும்புகள் இருந்தன. பெரியம்மைக்குக் குத்திய காலத்து அடையாளம். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975-ல்; அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள் கையில் இந்தத் தழும்பைப் பார்க்க முடியாது.

நர்சம்மா நீல நிறப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நான்கு பனிக்கட்டிப் பைகள், நடுவில் குப்பிகள். இரண்டு முதல் எட்டு டிகிரி வரை குளிர் நிற்க வேண்டும். வெளியே வேலூர் வெயில். ஒவ்வொரு குப்பியையும் எடுத்ததும் அதன் மேலிருந்த சிறிய வட்டத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். வட்டத்துக்குள் ஒரு வெளிர் சதுரம் இருக்கும். மருந்து வெப்பம் வாங்க வாங்க அந்தச் சதுரம் கறுக்கும். சதுரத்தின் நிறம் வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் குப்பி குப்பைக்குப் போகும். தட்டம்மை மருந்தைக் கலக்கியதும் குப்பியின் மேல் பேனாவால் நேரத்தை எழுதினார். கலக்கிய மருந்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. ஒன்றரை மாதக் குழந்தைக்கு மூன்று ஊசி, வாயில் இரண்டு மருந்து. எங்கள் குழந்தை மூன்றாவது ஊசிக்கு அழுத அழுகையில் ஆயாவின் பேரனும் சேர்ந்துகொண்டான். அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தோம்.

இப்படி விவரம் தெரிந்த ஒரு மாநிலத்தில்தான் நடுவில் ஒரு பத்தாண்டு கணக்கு சறுக்கியது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2005-06-ல் தமிழ்நாட்டில் ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகளில் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்றவர்கள் சுமார் 81 சதவீதம். 2015-16-ல் அது 70 சதவீதத்துக்கு இறங்கியது. 2019-21-ல் 89-க்கு ஏறியது. நடுவில் இருந்த பத்து ஆண்டுகளில் தாய்மார்களின் படிப்பு கூடியது, மருத்துவமனைப் பிரசவம் கூடியது, வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. விழிப்புணர்வுதான் காரணம் என்றால் எண் ஏறியிருக்க வேண்டும்.

இதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. அட்டை தொலைந்த வீட்டில் தாயின் நினைவை வைத்துக் கணக்கெடுப்பதில் பிழை வரும். தனியார் மருத்துவமனையில் போட்ட ஊசி அரசு அட்டையில் ஏறாமல் போகும். ஆனால் ஒன்றை ஒதுக்க முடியாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பின் மாநில அரசு ஊர்ப்புறத்து ஊசி முகாம்களை நிறுத்தி, மருத்துவ வசதி உள்ள சுகாதார நிலையங்களில் மட்டும் போட வைத்தது. அந்தச் சூழ்நிலையில் யார் பொறுப்பில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் அங்கன்வாடி வாசலில், ஆலமரத்தடியில் கிடைத்துக்கொண்டிருந்த ஊசி இரண்டு பஸ் தூரத்துக்குப் போனது. கைக்குழந்தையோடு ஒரு பகல், கூலி வேலைக்காரிக்கு ஒரு நாள் சம்பளம். அதே தாய்க்கு அதே அளவு தெரியும். போக வேண்டிய தொலைவு மட்டும் கூடிவிட்டது.

வடஆர்க்காட்டு மண்ணில் இந்தத் தொலைவுக்குப் பல முகங்கள் உண்டு. முதலில் தாய்வீடு. தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடித்துப் பெண் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆனதும் மாமியார் வீட்டுக்குத் திரும்புகிறாள். மூன்று தவணை ஊசிகளும் நெருக்கி விழுகிற காலம் சரியாக இதுதான். கர்ப்பப் பதிவு ஒரு செவிலியரின் பேரேட்டில், பிரசவம் வேறு ஊர் மருத்துவமனையில், முதல் ஊசி மூன்றாவது ஊரில். ஆம்பூரில் வாழ்க்கைப்பட்ட அக்கா மகளுக்குக் குடியாத்தத்தில் ஊசி போட்டதும் அப்படித்தான். குழந்தை யாருடைய பட்டியலில் இருக்கிறது? இரண்டு செவிலியர்களும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தால், யாருடைய பட்டியலிலும் இல்லை. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் பிக்மி எண் இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியில் ஒரு தவணையைக் குழந்தையின் ஊசியோடு முடிச்சுப் போட்டதும் நல்ல யோசனை. பணம் வரவில்லையே என்று கேட்க வரும் தாயிடமாவது அட்டையை வாங்கிப் பார்க்கலாம் அல்லவா?

இரண்டாவது, வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு ஆகிய தோல் ஊர்களில் ஷூ கம்பெனி வேன் விடிந்ததும் வந்துவிடும். பெண்கள் ஏறிப் போய்விடுவார்கள். குழந்தை பாட்டியிடம். ஊசி நேரமும் கம்பெனி நேரமும் ஒன்றே. பாட்டிக்கு ஊசி போட வைப்பதில் தயக்கமில்லை. ஆனால் இரவில் காய்ச்சல் கண்டால் வேலைக்குப் போய்க் களைத்து வந்த மகளோ மருமகளோ என்ன சொல்வாளோ என்ற அச்சம் உண்டு. ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டா ஊசிக்குக் காய்ச்சல் வருவது உடம்பு மருந்தைக் கண்டுகொண்டதன் அறிகுறி. கூடவே கொடுக்கும் பாராசிட்டமால் சொட்டை எத்தனை சொட்டு, எப்போது என்று ஒரு நிமிடம் நின்று சொன்னால் அடுத்த தவணைக்குப் பாட்டியே முதல் ஆளாக வருவார். அந்த ஒரு நிமிடம் பல நேரம் கிடைப்பதில்லை. சமவெளியில் சுமார் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. அந்த ஒரே செவிலியர்தான் கர்ப்பிணிகளையும் பார்க்க வேண்டும், பேரேடுகளையும் நிரப்ப வேண்டும், கணினியிலும் ஏற்ற வேண்டும்.

மூன்றாவது, மலை. ஜவ்வாது மலையில் வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மூன்று மாவட்டங்களின் எல்லைகளும் கலக்கின்றன. 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் அலுவலகங்கள் கிட்டே வந்தன என்பது உண்மைதான். மலைப்பாதை அதனால் குறுகிவிடவில்லை. அங்குள்ள மலையாளி பழங்குடிக் குடும்பங்கள் வேலைக்காகப் பல மாதம் வெளிமாநிலம் போகின்றன. பூட்டிய வீட்டின் கதவில் செவிலியர் என்ன செய்ய முடியும்?

நான்காவது ஒன்று உண்டு. அதை எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை. அது நம் சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் ‘அம்மை’ ஒரு நோயின் பெயர் இல்லை. ஒரு குடும்பப் பெயர். பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை எல்லாம் அம்மை. கிருமிகள் வேறு வேறு. வேப்பிலையும் மஞ்சள் நீரும் ஒன்று. ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி போட்ட குழந்தைக்கு நான்கு வயதில் சின்னம்மை வருகிறது. சின்னம்மைக்கு அரசு அட்டவணையில் ஊசியே கிடையாது. ஆனால் வீட்டில் என்ன சொல்வார்கள்? ‘அம்மைக்கு ஊசி போட்டும் அம்மை வந்துவிட்டது.’ தெரு முழுக்க அந்த வாக்கியம் நடந்து போகும். அதில் பொய் எதுவும் இல்லை, அறியாமையும் இல்லை. மொழி அப்படி இருக்கிறது. தட்டம்மைக்கு ஊர் வழக்கில் உள்ள பெயரான மணல்வாரியைச் சொல்லி, ‘இது மணல்வாரிக்கு மட்டும்’ என்று விளக்கும் செவிலியர்கள் இருக்கிறார்கள். எந்தச் சுவரொட்டியையும் விட அந்த ஒரு சொல் வேலை செய்யும் என்பது என் எண்ணம். சொட்டு மருந்துக்கும் இதே கதைதான். போலியோவுக்கும் வாயில் மருந்து, ரோட்டா வைரஸுக்கும் வாயில் மருந்து. பேதிக்கு மருந்து கொடுத்தும் பேதி வந்ததே என்று கேட்டால், பேதிக்குக் காரணம் ரோட்டா மட்டும் இல்லை என்பதை யார் உட்கார்ந்து சொல்வது?

ஊசி போட்டும் நோய் வந்தது என்ற புகாரைச் சில சமயம் அறிவியலே ஒப்புக்கொள்ள நேரும். அந்தக் கதை நடந்த ஊரும் வேலூர்தான். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரு படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையில், 1960-களின் இறுதி முதல் ஜேக்கப் ஜான் வைராலஜி பிரிவில் பணியாற்றினார். அமெரிக்காவில் மூன்று தவணை போலியோ சொட்டு மருந்து கொடுத்தால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் எதிர்ப்பாற்றல் வந்துவிடும். இங்கே வரவில்லை. மூன்று தவணையும் குடித்த குழந்தைகள் கால் சூம்பி வந்தார்கள். மருந்து வெயிலில் கெட்டிருக்கும், தாய் ஒரு தவணையைத் தவறவிட்டிருப்பாள் என்று பழியை மக்கள் மேல் போட்டுவிட்டுப் போவது எளிது. ஜேக்கப் ஜான் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். மருந்து சரியாக இருந்தும் வெப்பநாட்டுக் குழந்தைகளில் அது குறைவாகவே பிடிக்கிறது என்பதை 1972-ல் வெளியான ஆய்வில் காட்டினார். வேலூரில் மூன்று தவணை போதாது, கூடுதல் தவணைகள் வேண்டும், ஊசி வடிவப் போலியோ மருந்தும் வேண்டும் என்று பல பத்தாண்டுகள் வாதாடினார்.

வேலூர் நகரத்தில் அவரும் சக மருத்துவர்களும் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். குழந்தைகளுக்குத் தனித்தனியாக அவரவர் வயதில் சொட்டு கொடுப்பதற்குப் பதில், ஊரிலுள்ள சிறு குழந்தைகள் எல்லோருக்கும் குறித்த நாளில் ஒரே மூச்சில் கொடுப்பது. நாடித்துடிப்பு விட்டு விட்டு அடிப்பது போல விட்டு விட்டு. ‘பல்ஸ்’ என்ற பெயர் அப்படி வந்தது. நகரில் போலியோ கட்டுக்குள் வந்ததை 1983-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். நாடு முழுவதும் பல்ஸ் போலியோ நாள் வந்தது 1995-ல். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். போலியோ ஊசி தேசிய அட்டவணையில் நுழைந்தது 2015 நவம்பரில். அக்கா மகளின் குழந்தைக்கு வலது மேல்கையில் மெல்லத் தோலுக்குள் போட்டார்களே, அது அந்த ஊசி. ஆயாவுக்கு அது எதற்கு என்று தெரியவில்லை. ‘சொட்டு போட்ட பிறகு அதற்கே ஊசி எதற்கு?’ என்று கேட்டார். சரியான கேள்வி. வேலூர் ஆராய்ச்சியாளர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியின் மறுபக்கம்.

அதே காலத்தில் அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. அரசு, தனியார் என்று பாராமல் மாவட்டத்து மருத்துவர்களுக்கு அச்சடித்த தபால் அட்டைகள் கொடுக்கப்பட்டன. போலியோ, தட்டம்மை, கக்குவான், ரணஜன்னி மாதிரி குறித்த நோய்களில் ஒன்றைச் சந்தேகித்தால் அட்டையை நிரப்பிப் பெட்டியில் போட வேண்டியதுதான். வந்த அட்டைகளைத் தொகுத்து மாதாமாதம் ஒரு செய்தி மடல் மருத்துவர்களுக்கே திரும்பிப் போகும். ‘நதி’ என்று அதற்குச் சுருக்கப் பெயர். எந்த ஊரில் ஊசி எட்டவில்லை என்பதை நோயே தபாலில் எழுதி அனுப்பியது. கைபேசியில் செயலி மேல் செயலி ஏற்றிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் அந்தத் தபால் அட்டையின் எளிமை எனக்குப் பொறாமை தருகிறது. தகவல் கொடுத்தவருக்குத் தகவல் திரும்பி வந்தது. இன்றைய கிராமச் செவிலியர் ஏற்றும் எண்கள் மேலே போகின்றன, கீழே வருவது குறைவு.

ரோட்டா மருந்திலும் வேலூருக்குப் பங்கு உண்டு. இந்தியாவில் உருவான ரோட்டாவேக் மருந்தின் பெரிய சோதனை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் நடந்தது. வேலூரில் ககன்தீப் காங் குழுவினர் முன்னின்றனர். முடிவு 2014-ல் வந்தது. கடுமையான ரோட்டா பேதியை முதல் ஆண்டில் சுமார் 56 சதவீதம் தடுத்தது. நூற்றுக்கு நூறு இல்லை. இந்த 56-ஐ ஊரில் எப்படிச் சொல்வது என்பதில்தான் தடுப்பூசி பற்றிய பேச்சின் முழுச் சங்கடமும் இருக்கிறது. ‘வராது’ என்று சொல்லிக் கொடுத்தால் வரும்போது நம்பிக்கை போகும். ‘வந்தாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போவது குறையும்’ என்று சொன்னால், விதைநெல்லில் எத்தனை முளைக்கும், எத்தனை முளைக்காது என்று தெரிந்தே விதைக்கிற மக்களுக்கு அது புரியாமல் போகாது.

வதந்திக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லோருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி என்று பள்ளிகளில் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகள் பறந்தன. பெற்றோர் பிள்ளைகளை அன்றைக்குப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது. படித்தவர்கள், நகரவாசிகள், ஆங்கிலப் பள்ளிப் பெற்றோர் என்று தயங்கியவர்களில் எல்லோரும் இருந்தார்கள். அந்த நாட்களில் வேலூரில் ஒரு தேநீர்க் கடையில் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: ‘என் பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி எப்போதோ போட்டாகிவிட்டது. மறுபடி எதற்கு? அதென்ன ரூபெல்லா?’ இரண்டும் நியாயமான கேள்விகள். ரூபெல்லாவுக்கு வீட்டில் புழங்கும் தமிழ்ப் பெயர் கிடையாது. குழந்தைக்கு வந்தால் லேசான காய்ச்சல், தடிப்பு, அவ்வளவுதான். கர்ப்பிணிக்கு ஆரம்ப மாதங்களில் வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு. பையனுக்குப் போடும் ஊசி எப்போதோ, எவளோ ஒருத்தியின் வயிற்றுக் குழந்தையைக் காப்பதற்கு. இதை முகாம் அறிவித்த பிறகு விளக்கத் தொடங்கினார்கள். அதற்குள் ஒலிப்பதிவு முந்திக்கொண்டது.

தடுப்பூசியைச் சந்தேகிப்பது பாமரர் வழக்கம் என்று நினைப்பவர்கள் 1955-ஐப் புரட்டிப் பார்க்கலாம். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைப் பெருந்திரளாகப் போடுவதை எதிர்த்துச் சிறுநூல் எழுதி ஊர் ஊராகப் பேசியவர் ராஜாஜி. நாட்டின் தலைமை ஆளுநராகவும், அதற்கு முந்தைய ஆண்டு வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகவும் இருந்தவர்.

கொரோனாக் காலத்தில் இது இன்னும் வேகமாக நடந்தது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார். மற்றவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 17-ம் தேதி மாரடைப்பில் இறந்தார். ஊசி காரணமில்லை என்று மருத்துவர்கள் அன்றைக்கே சொன்னார்கள். விசாரித்த மத்தியக் குழுவும் பின்னர் அதையே சொன்னது. ஆனால் ஊசி, மரணம் என்ற இரண்டு செய்திகளுக்கும் நடுவே இரண்டே நாள். மனித மனம் அந்த இடைவெளியில் கயிறு கட்டாமல் இருக்காது. அடுத்த மாதம் இரண்டாம் அலை வீட்டு வாசலுக்கு வந்தபோது, ஊசிக்கு ஒளிந்தவர்கள் ஊசி கிடைக்கவில்லை என்று நின்றார்கள்.

அந்த அலையிலேயே உள்ளூர்ச் சான்று ஒன்று கிடைத்தது. சி.எம்.சி.யின் 10,600 ஊழியர்களில் 8,991 பேர் ஏப்ரல் முடிவதற்குள் ஊசி போட்டிருந்தார்கள். இரண்டு தவணையும் போட்டவர்களில் தொற்று வருவது 65 சதவீதமும், மருத்துவமனையில் சேர்வது 77 சதவீதமும், ஆக்சிஜன் தேவைப்படுவது 92 சதவீதமும், தீவிர சிகிச்சை 94 சதவீதமும் குறைந்ததாக மருத்துவமனை கணக்கிட்டது. தோட்டப்பாளையத்திலும் சத்துவாச்சாரியிலும் அந்த ஊழியர்கள் அண்டை வீட்டுக்காரர்கள். பக்கத்து வீட்டு வார்டு உதவியாளர் காய்ச்சலோடு தப்பித்துக்கொண்டதை நேரில் பார்த்த தெருவுக்கு அட்டவணை தேவைப்படாது. இந்தச் சான்றைத் துண்டறிக்கையாக்கி ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும், வீட்டில் உருது பேசுகிற குடும்பங்களுக்கு அவர்கள் மொழியிலேயே, அன்றே கொண்டுபோயிருக்கலாமே என்று இப்போதும் தோன்றுகிறது.

குடியாத்தத்துத் திண்ணைக்குத் திரும்புகிறேன். அரை மணி நேரம் முடிந்து, நாங்கள் கிளம்புகையில் மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. நர்சம்மா காலிக் குப்பிகளை எண்ணி, பேரேட்டோடு ஒத்துப் பார்த்தார். வந்திருக்க வேண்டியவர்களில் இரண்டு பேர் வரவில்லை. ஒருத்தி செங்கல் சூளை வேலைக்குப் போன குடும்பம். எந்தச் சூளை என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. இன்னொருத்தி மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள், பேரணாம்பட்டுப் பக்கம். கைபேசியை எடுத்து அந்த ஊர்ச் செவிலியருக்குப் போட்டார். பெயர், கணவர் பெயர், பிக்மி எண், ‘இரண்டரை மாத ஊசி பாக்கி’ என்று சொல்லிக்கொண்டே அக்கா மகளைப் பார்த்து, ‘நீ எப்போது அம்மா ஆம்பூர் போகிறாய்?’ என்று கேட்டார். தை பிறந்ததும் என்றாள். பேரேட்டில் எங்கள் குழந்தையின் பெயருக்கு எதிரே பென்சிலால் ‘ஆம்பூர், தை’ என்று குறித்துக்கொண்டார்.